ஃப்ரிட்ஜுக்கு ஆறு நிமிடம்

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்களை நாங்கள் கூப்பிட மாட்டோம். அவர்கள்தான் எங்களைக் கூப்பிட வேண்டும். ரொம்ப அவசரம் என்றால் ஒரு மிஸ்டு கால் கொடுக்கலாம், அவர்கள் திருப்பி அழைப்பார்கள். மற்றபடி ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசைக்குப் போய்விட்டு வந்து, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதனால் ஒரு புதன்கிழமை மத்தியானம் இங்கிலாந்திலிருந்து அண்ணன் கூப்பிட்டபோது, அண்ணியின் வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்றே நினைத்தேன்.

யாரும் போகவில்லை. அவருடைய மகள் சினிமா படிக்கப் போகிறாளாம்.

“நடிக்கப் போறாளாண்ணே?” என்றேன்.

“நடிச்சாக்கூடப் பரவாயில்லயே. சினிமாவப் பத்திப் படிக்கப் போறாளாம். ஃபிலிம் ஸ்டடீஸ்னு ஒரு பாடம். அது போதாதுன்னு இண்டிபென்டன்ட் ரிசர்ச்னு இன்னொண்ணு. அதுக்கு வாத்தியாரும் கெடையாதாம், பொஸ்தகமும் கெடையாதாம். அவளா ஒரு விஷயத்த எடுத்துக்கிட்டு, அவளா ஆராய்ச்சி பண்ணி, அவளா எழுதுவாளாம். எல்லாம் அவளே பண்றதுக்கு ஸ்கூல் எதுக்குங்கிறேன்?”

அங்கே பத்தாவதுக்குச் சமமான பரீட்சை முடிந்ததும் இரண்டு வருடப் படிப்பு. நம் ஊர் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ மாதிரிதான். ஆனால் ஃபர்ஸ்ட் குரூப், செகண்ட் குரூப் என்று கட்டுக் கட்டாகக் கொடுக்க மாட்டார்கள். பிள்ளைகளே வேண்டிய பாடங்களைப் பொறுக்கிக்கொள்ளலாம். பொறுக்கிக்கொள்ளலாம் என்றதும் இவள் நிஜமாகவே பொறுக்கிவிட்டாள், அதுதான் அண்ணனுக்குப் பிரச்சினை. அண்ணன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். அண்ணி நர்ஸ். அண்ணிக்கு இங்கிலாந்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து குடும்பமே அங்கே போனது. மகள் டாக்டராகவோ, குறைந்தபட்சம் மருந்துக் கம்பெனியிலோ வந்து நிற்பாள் என்று அவர் திருக்காட்டுப்பள்ளியில் பாதிப் பேரிடம் சொல்லி வைத்திருந்தார்.

“லீவுக்கு ஒரு மாசம் அங்க அனுப்புறேன். நீ பேசு. ஆகஸ்ட் கடைசியில ரிசல்ட்டு, மறுநாளே பாடத்தப் பதியணும். அதுக்குள்ள அவ மனச மாத்தி அனுப்பு. நீ சொன்னாக் கேப்பா.”

நீ சொன்னாக் கேப்பா. முப்பத்தைந்து வயதில் என் சொல்லுக்கு முதன்முதலாக ஒரு மதிப்பு வந்திருந்தது. அதுவும் எதற்கு என்று பாருங்கள்.

நான் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். ஜூன் மாதம் வந்தால் ப்ளஸ் ஒன் விண்ணப்பம் கொடுப்பதும் வாங்குவதும் என் வேலை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அப்பா நிற்பார், அவருக்குப் பின்னால் பிள்ளை நிற்கும். என்ன குரூப் என்று நான் பிள்ளையைப் பார்த்துக் கேட்பேன். பதில் அப்பாவிடமிருந்து வரும். சில அப்பாக்கள் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, “ஒரு நாலு நாள் டைம் குடுங்கம்மா, துபாய்லேந்து தம்பி சொல்லணும்” என்பார்கள். அந்த மாதிரி விண்ணப்பங்களை நான் தனியாக ஒரு ஃபைலில் வைப்பேன். அந்தக் காலி இடத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். வருடம் தவறாமல் வரும்.

என் விண்ணப்பத்திலும் அந்த இடம் பன்னிரண்டு நாள் காலியாகத்தான் இருந்தது.

ஊரில் டிவிப் பெட்டிகள் பெருகி, வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டுக்குப் பறக்கத் தொடங்கிய வருடங்கள் அவை. நான் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியிருந்தேன். எனக்கு வரலாறும் பொருளாதாரமும் உள்ள குரூப் வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டேன். ஒரு வாரப் பத்திரிகையில் அரைப்பக்கம் வந்திருந்தது. மெட்ராஸில் ஓர் இடத்தில் சினிமாப் படத்தை வெட்டி ஒட்டச் சொல்லிக் கொடுக்கிறார்கள், பெண்களும் சேரலாம். ஒரு மேசை முன்னால் ஒரு பெண் ஃபிலிம் சுருளைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் போட்டோவும் இருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். வேறு எங்கே வைத்தாலும் அம்மா கண்டுபிடித்துவிடுவாள். மாதாவின் மன்றாட்டு மாலைக்கும் மரித்தோர் ஜெபத்துக்கும் நடுவில் அந்தப் பெண் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தாள்.

படிப்பில் எனக்கு எது வருமோ தெரியாது, இது வரும் என்று தெரியும். டெக் வாடகைக்கு எடுத்துப் படம் போடும் வீட்டில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்தால், மறுநாள் வகுப்பில் சாப்பாட்டு நேரத்தில் அதைச் சொல்லுவேன். தேவையில்லாத சண்டையை விட்டுவிடுவேன், தங்கச்சி சாகிற இடத்தை முன்னால் கொண்டுவருவேன். நிஜப் படத்தைப் பின்னால் பார்த்த பிள்ளைகள், “நீ சொன்னதுதான்டி நல்லா இருந்துச்சு” என்றார்கள். வெட்டி ஒட்டுவது என்றால் இதுதான் என்று நானாகப் புரிந்துகொண்டேன். அதற்கு இயற்பியல் எதற்கு என்பது என் எண்ணம். பதினாறு வயதில் இவ்வளவு தெளிவாக ஒன்றை நினைத்திருக்கிறேன் என்பது இப்போது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

அப்பா சொன்னது இவ்வளவுதான்: “அண்ணன் லெட்டர் வரட்டும்.”

வந்தது. ஊருக்கு லீவில் வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பியிருந்தார். நான்தான் சத்தமாகப் படித்தேன். வாய்க்காலோரத்து வயலுக்கு என்ன நெல் விதைப்பது, மோட்டாருக்குக் காயில் கட்டுவதா புதிதே வாங்குவதா, அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன், தேய்க்கச் சொல்லவும். மோட்டாருக்கும் தைலத்துக்கும் நடுவில் நான் ஒரு வரி. “பாப்பாவை ஃபர்ஸ்ட் குரூப்பில் போடவும். ஹிஸ்டரி படித்து என்ன பண்ணப் போகிறாள்?” அந்த வரியையும் நானே சத்தமாகப் படித்து முடித்தேன். அப்பா பேனாவை எடுத்துக் காலி இடத்தை நிரப்பினார்.

ப்ளஸ் டூவில் இயற்பியலில் ஃபெயிலானேன். அக்டோபரில் எழுதிப் பாஸ் பண்ணினேன். டைப்ரைட்டிங், தபாலில் ஒரு டிகிரி, ஆபீஸ் வேலை, கல்யாணம். குறை என்று யாரும் சொல்ல முடியாத வாழ்க்கைதான். பிள்ளை இல்லை, அது ஒன்று. ஜெபப் புத்தகத்தில் இருந்த காகிதத்தை என்ன செய்தேன் என்று ஞாபகமில்லை என்று சொல்ல ஆசை. ஞாபகம் இருக்கிறது. அடுப்பில் போட்டேன்.

இப்படிப்பட்ட என்னிடம்தான் அண்ணன் தன் மகளை அனுப்பினார்.

ஜூலையில் திருச்சி ஏர்போர்ட்டில் போய் அழைத்து வந்தோம். நெட்டையாக, முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு, தோளில் ஒரு சின்ன வீடியோ கேமராவோடு வந்தாள். தமிழ் நன்றாகவே பேசினாள். வீட்டில் தமிழைத் தவிர வேறு பேச அண்ணி விடமாட்டாராம். கார் கல்லணைப் பக்கம் திரும்பும்போதே கேட்டாள்.

“அத்தை, அப்பா உங்ககிட்ட என்னைப் பத்தி கம்ப்ளெயின்ட் பண்ணிட்டாங்கதானே?”

“பண்ணிட்டாங்க.”

“நீங்க எப்ப அட்வைஸ் ஸ்டார்ட் பண்ணுவீங்க?”

முன் சீட்டில் இருந்த என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் அவளைப் பிடித்துப்போனது.

நான் அட்வைஸ் பண்ணவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் கேட்கும்போது, “சொல்லிக்கிட்டுத்தாண்ணே இருக்கேன், கொஞ்சம் கொஞ்சமாத்தான் சொல்லணும்” என்று புளுகினேன். உள்ளுக்குள் ஒரு குரூர சந்தோஷம் இருந்ததை மறைப்பானேன். பாப்பாவுக்கு என்ன குரூப் என்று எழுதியவர், தன் பெண்ணிடம் அதையே சொல்ல முடியாமல் தவிக்கட்டும் என்றிருந்தது. அவள் கேட்ட பாடங்களையே அவள் படிக்க வேண்டும். அதற்காக இன்னும் நூறு பொய் சொல்லவும் தயாராக இருந்தேன்.

வந்த முதல் வாரம் முழுக்க அவள் ஆராய்ச்சிக்கு ஒரு விஷயம் தேடினாள். வாய்க்காலில் தண்ணீர் வந்து, நாற்றங்கால் உழவு நடந்துகொண்டிருந்தது. அதை எல்லாரும் எடுப்பார்கள் என்று விட்டுவிட்டாள். கோவில் வேண்டாம் என்றாள். பிறகு ஒரு நாள் துணி தேடப் போய், என் பீரோவின் அடித்தட்டில் ரசகற்பூர உருண்டைகளுக்கு நடுவில் இருந்த வீடியோ கேசட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

“இது என்ன அத்தை?”

“எங்க கல்யாண கேசட்டு.”

“நீங்க பாத்திருக்கீங்களா?”

“ஒரே ஒரு தடவ. அது எங்களுக்காக எடுத்ததில்ல. உங்கப்பாவுக்காக எடுத்தது.”

அவள் கண் விரிந்தது. அது உண்மைதான். அந்த வருடங்களில் எங்கள் பக்கம் கல்யாண வீடியோ என்பதே லீவு கிடைக்காமல் வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவருக்கு அனுப்புவதற்காக எடுப்பதுதான். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கேமரா முன்னால் வந்து, “தம்பி, நல்லா இருக்கியா, கல்யாணம் சிறப்பா நடந்துச்சு, நீ ஒண்ணுதான் கொற” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். கேசட்டு போய்ச் சேர்ந்ததும் அங்கே ஏழெட்டுப் பேர் கூடி உட்கார்ந்து பார்ப்பார்கள். நகல் ஒன்று எங்களுக்குக் கிடைக்கும்.

இதுதான் என் ஆராய்ச்சி என்றாள். ஊருக்கு வர முடியாதவருக்காக எடுக்கப்பட்ட படம். யார் எடுக்கச் சொன்னார்கள், எதை எடுக்கச் சொன்னார்கள், எதை விட்டார்கள். “இதப் பத்தி அங்க யாருமே எழுதலை அத்தை!” என்று என்னைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் திருக்காட்டுப்பள்ளியில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய், கேசட்டை சிடியாக மாற்றக் கொடுத்தோம். ஸ்டுடியோக்காரர் பூஞ்சை பிடித்திருக்கிறது, இரண்டு நாள் ஆகும் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் வெட்டுவது, ஒட்டுவது, ஒரு காட்சிக்குப் பின் எதை வைத்தால் என்ன அர்த்தம் வரும் என்றெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். ஜெபப் புத்தகத்தில் இருந்த பெண்ணைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கண்டக்டர் வந்து எங்கள் ஸ்டாப் என்றார், இறங்கிவிட்டோம்.

சிடி வந்ததும் மூன்று நாள் அதை விடாமல் பார்த்தாள். ரிமோட்டை ஒரு கையிலும் பேனாவை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி ஒரு நோட்டில் எழுதினாள். இடையிடையே கேள்வி கேட்பாள். வீடியோக்காரரை யார் ஏற்பாடு பண்ணினது? தாத்தாதான். எதை எடுக்கணும்னு யார் சொன்னது? அதுவும் தாத்தாதான். “அவன் கண்ணால பாக்கணும், ஒண்ணு விடாம எடுங்க” என்று அப்பா சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, அப்படியே சொன்னேன். அண்ணன் வரும் இடத்தில் அவளுக்கு ஒரே சிரிப்பு. திரையின் குறுக்கே ஒரு விமானம் பறக்கும், அதிலிருந்து அண்ணனின் போட்டோ சுழன்றுகொண்டே இறங்கி, எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் ஓர் இதயத்துக்குள் வந்து நிற்கும்.

நான்காம் நாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு. என் வீட்டுக்காரரும் இருந்தார். மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவள் நோட்டைத் திறந்தாள்.

“அத்தை, ஒரு ஃபைண்டிங் சொல்லட்டுமா? செம்ம ஃபைண்டிங்.”

“சொல்லு.”

“கேசட் மொத்தம் மூணு மணி நேரம். அதுல உங்க மொகம் தெரியுறது நாலு நிமிஷம். கோவில்ல கேமரா பூரா உங்க முதுகுக்குப் பின்னாடி நிக்குது. ஆனா அப்பா வாங்கிக் குடுத்த சீர் சாமான் இருபத்திரெண்டு நிமிஷம். பீரோ, கட்டில், கிரைண்டர், பாத்திரம். ஃப்ரிட்ஜுக்கு மட்டும் ஆறு நிமிஷம்!”

சொல்லிவிட்டு அந்த இடத்தைப் போட்டுக் காட்டினாள். என் அப்பா வெள்ளை வேட்டியில் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நிற்கிறார். கதவைத் திறக்கிறார். லைட் எரிவதைக் காட்டுகிறார். ஐஸ் தட்டை இழுத்துக் காட்டுகிறார். காய்கறிப் பெட்டி. முட்டை வைக்கும் குழிகள், ஒவ்வொன்றாக. பின்னணியில் காதல் பாட்டு. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், ஃபோகஸ் இல்லாமல், பட்டுப்புடவையில் ஒருத்தி நிற்கிறாள்.

“அதான் நீங்க” என்று விரலை வைத்துக் காட்டினாள்.

என் வீட்டுக்காரர் டீயைத் துப்பாத குறையாகச் சிரித்தார். “அப்ப நான் ஃப்ரிட்ஜுக்குத்தான் தாலி கட்டியிருக்கேன்! அதான் இன்னும் ரிப்பேராகாம ஓடுது.”

அவர் கெட்டவர் இல்லை. எதற்கும் ஒரு கிண்டல், அவ்வளவுதான். அவளும் சிரித்தாள். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பதினான்கு வருடமாக நான் பீரோவுக்குள் பூட்டி வைத்திருந்த ஒன்றை ஒரு சின்னப் பெண் மூன்றே நாளில் கணக்குப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டாள். அவள் சொன்னது உண்மை. பொய்யாக இருந்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்காது.

டிவியை அணைத்தேன்.

“பெரியவங்க வீட்டுல நடந்தத வேடிக்கை பாத்துச் சிரிக்கிறதுக்குத்தான் படிப்பா? உங்கப்பா சொன்னது சரிதான். இதப் படிச்சு என்ன பண்ணப் போற நீ?”

சொல்லி முடித்த பிறகுதான் அது யார் வரி என்று எனக்கே உறைத்தது. மோட்டாருக்கும் தைலத்துக்கும் நடுவில் இருந்த வரி. பாடத்தின் பேரைத் தவிர வார்த்தை மாறாமல் வந்திருந்தது.

“நான் உங்களப் பாத்துச் சிரிக்கல அத்தை. சாரி” என்றாள். அவள் முகம் சின்னதாகிவிட்டது. என் வீட்டுக்காரர், “ஏ, விடு, பச்சப்புள்ள” என்றார். நான் விடவில்லை. கொல்லைப்பக்கம் போய் அண்ணனுக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் கூப்பிட்டார்.

“அந்தப் படிப்பு வேணாண்ணே. வேணவே வேணாம். சயின்ஸ்ல போடுங்க” என்றேன்.

“நான் அப்பவே சொன்னேன்ல, நீ சொன்னாத்தான் சரிப்படும்னு!” என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவர் என்னோடு பேசி நான் கேட்டதில்லை.

மிச்சமிருந்த பத்து நாளும் அவள் நல்ல பிள்ளையாக இருந்தாள். எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். மாமாவோடு வயலுக்குப் போய் வரப்பில் நடந்தாள். கேமராவை வெளியே எடுக்கவில்லை, நோட்டையும் எடுக்கவில்லை. நானாகப் போய் என்ன சொல்வது, அவளே வந்து பேசட்டும் என்று இருந்தேன். பதினாறு வயதுப் பெண்ணிடம் முப்பத்தைந்து வயதுக்காரி வீம்பு பிடித்தேன். ஏர்போர்ட்டில் அவள் என் கன்னத்தில் முத்தம் கொடுத்து, “தேங்க்ஸ் அத்தை” என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அவள் போய் ஒரு வாரம் கழித்து, செவ்வாய்க்கிழமை, அவள் படுத்திருந்த கட்டிலில் மெத்தையைத் தூக்கி வெயிலில் போட்டபோது நோட்டு கீழே விழுந்தது. மறந்துவிட்டுப் போனாளா, வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனாளா தெரியாது.

கட்டிலிலேயே உட்கார்ந்து படித்தேன். இங்கிலீஷில் எழுதியிருந்தாள். பக்கம் பக்கமாக நேரமும் அதற்கு நேரே காட்சியும். ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தாள். ‘இங்கே மட்டும் அத்தை நேராகக் கேமராவைப் பார்க்கிறார், ஏதோ சொல்கிறார், பாட்டு அதை மறைக்கிறது, என்ன சொல்லியிருப்பார்?’ என்று எழுதியிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. “லைட்டக் கொஞ்சம் தள்ளிப் புடிங்க, கண்ணு எரியுது” என்றேன், வேறொன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு நொடியைக்கூட விடாமல் ஒருத்தி பார்த்திருக்கிறாள். என் கல்யாணத்தை, கட்டியவர் உட்பட, யாரும் அப்படிப் பார்த்ததில்லை. நான் நினைத்த மாதிரி அவள் வேடிக்கை பார்க்கவில்லை. என்னைத் தேடியிருக்கிறாள்.

கடைசிப் பக்கத்தில், ‘அத்தையிடம் கேட்க வேண்டியவை’ என்று தலைப்பிட்டு ஐந்து கேள்விகள். வீடியோக்காரரை யார் ஏற்பாடு செய்தது, என்ன எடுக்கச் சொன்னது யார், கேசட்டை முதலில் பார்த்தது யார், ஃப்ரிட்ஜ் அத்தைக்குப் பிடித்திருந்ததா. கேட்டு முடித்த நான்குக்கும் டிக் போட்டிருந்தாள். ஐந்தாவதுக்கு டிக் இல்லை.

‘என் வயதில் அத்தைக்கு என்ன படிக்க ஆசை?’

அப்பா கேட்கவில்லை. அம்மா கேட்கவில்லை. அண்ணன் மஸ்கட்டிலிருந்து கேட்காமலே எழுதினார். கல்யாணம் பேச வந்தவர்கள் பெண் என்ன படித்திருக்கிறது என்று கேட்டார்கள், அது வேறு கேள்வி. இந்தக் கேள்வியைக் கேட்க ஒருத்தி இங்கிலாந்திலிருந்து வந்தாள். அவள் கேட்பதற்குள் நான் டிவியை அணைத்துவிட்டேன்.

அன்றைக்கே கூப்பிட்டிருக்கலாம். ரிசல்ட்டு வியாழன், பதிவது வெள்ளி என்று எனக்குத் தெரியும். மூன்று நாள் முழுசாக இருந்தது. செல்போன் இடுப்பிலேயே இருந்தது. ஒரே ஒரு மிஸ்டு கால், இரண்டு நிமிடத்தில் அண்ணன் கூப்பிட்டிருப்பார். நான் தப்பாச் சொல்லிட்டேண்ணே, அவ கேட்டதையே படிக்கட்டும் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும். புதன்கிழமை யோசித்தேன். வேலை நாளில் கூப்பிட்டால் யாரோ செத்துப்போனதாகப் பயப்படுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வியாழக்கிழமை ரிசல்ட்டு, அவர்களே கூப்பிடுவார்கள் என்று இருந்தேன், கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை ஆபீஸில் தலைக்கு மேல் வேலை என்று சொல்லிக்கொண்டேன். கோபத்துக்கு மிஸ்டு கால் கொடுக்கத் தெரிந்தவளுக்கு இதற்குக் கொடுக்கத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் அவர்கள் கூப்பிடும் நாள், அன்றைக்கு நிதானமாகப் பேசிக்கொள்ளலாம் என்று எங்கள் வீட்டு வழக்கப்படி காத்திருந்தேன். என் அப்பா காத்திருந்த மாதிரியே.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சேலைகூட மாற்றாமல் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணன் வழக்கமான நேரத்துக்குக் கூப்பிட்டார்.

“எல்லாம் முடிஞ்சுதும்மா. கெமிஸ்ட்ரி, பயாலஜி, மேத்ஸ். அவளே போய்ப் பதிஞ்சுட்டு வந்துட்டா. அத்தை சொன்னது சரின்னு தோணுதுப்பான்னா. ஒனக்குத்தான் புண்ணியம்.”

“இனிமே மாத்த முடியாதாண்ணே?”

“எதுக்கு மாத்தணும்?”

அவளிடம் கொடுங்கள் என்றேன். போன் கைமாறும் சத்தம் கேட்டது. அங்கே காலை நேரம், தட்டுகள் கழுவும் சத்தமும் கேட்டது.

“அத்தை?”

“ஒன் நோட்டு இங்க இருக்கு. கட்டில்ல இருந்துச்சு. படிச்சேன்.”

மடியில் இருந்த நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

“அதுல கடைசியா ஒரு கேள்வி எழுதியிருந்த. நீ கேக்கவே இல்லயே. அதுக்குப் பதில் சொல்லலாம்னுதான்…”

இருபது வருடமாக யாரிடமும் சொல்லாததை அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று உட்கார்ந்திருந்தேன். ஜெபப் புத்தகம், அரைப்பக்கம், ஃபிலிம் சுருளைக் கையில் வைத்திருந்த பெண், எல்லாவற்றையும் வரிசையாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். எதை முன்னால் சொல்வது, எதை விடுவது என்றுகூட முடிவு செய்திருந்தேன்.

“பரவாயில்ல அத்தை” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள், குரலில் கோபமே இல்லை. “அந்த ப்ராஜெக்ட் நான் எடுக்கலையே. இப்ப அது தேவைப்படாது.”

“சரிம்மா” என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், “சாப்பிட்டியா?” என்று கேட்டேன்.